தராசம்மாவின் பங்குக் கோழி

எங்கள் தராசம்மா சுத்த சைவம். முட்டை வாசனை வந்தாலே சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொள்வார். அப்படிப்பட்டவர் திண்டுக்கல்லை விட்டு மாற்றலாகிப் போனபோது, எரியோடு, வடமதுரைப் பக்கத்து வீடுகளில் அவருக்குச் சொந்தமான கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. பஸ் ஏற்றிவிடப் போன என்னிடம் ஜன்னல் வழியாக அவர் கடைசியாகச் சொன்னது, "அந்தச் சாம்பல் கோழி அடைக்கு உக்காந்துடுச்சான்னு பாத்துச் சொல்லுங்க தம்பி" என்பதுதான். சாப்பாட்டுக் கணக்கு எடுக்க வந்த அதிகாரி கோழிக்காரியாகிப் போன கதையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். 

தராசம்மா என்பது நாங்கள் வைத்த பெயர். நிஜப் பெயர் ஆபீஸ் வாசல் பலகையில் இங்கிலீஷில் இருந்தது. தெருவில் யாரும் அதைப் படித்ததில்லை. அறுபதுகளின் தொடக்கம் அது. திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு தோல் வியாபாரியின் பழைய சரக்குக் கிட்டங்கிதான் எங்கள் ஆபீஸ். மழை பெய்தால் சுவரிலிருந்து தோல் வாடை வரும். வளர்ந்த ஆண்களும் பெண்களும் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டும். அவர் அதிகாரி, நான் கூடப் போய்க் கேட்டு எழுதுகிறவன். காலமெல்லாம் தோல்ஷாப்பில் நின்று உழைத்தவர் எங்கள் அத்தா. மகனுக்குக் கிடைத்த வேலை என்ன என்று விசாரித்துவிட்டு, "அடுத்தவன் என்ன தின்னான்னு கேக்குறதுக்குச் சம்பளமா?" என்றார். அதற்குப் பிறகு சொந்தக்காரர்களிடம் என் வேலையைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார்.

தராசம்மாவின் கைப்பையில் கொக்கி வைத்த ஸ்பிரிங் தராசு ஒன்று எந்நேரமும் இருக்கும். கொக்கியில் மாட்ட ஒரு தகரத் தட்டும் உண்டு. சேர், பலம் என்ற பழைய எடைகள் போய் கிராம் வந்த புதுசு. கடைக்காரர்களே புதுப் படிக்கல்லைச் சந்தேகமாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் இவர் கிராமிலேயே பேசுவார். முதல் வேலை நாளன்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நான் வடை வாங்கினேன். வாய்க்குக் கொண்டுபோவதற்குள், "ஒரு நிமிஷம் தம்பி" என்று வாங்கித் தட்டில் வைத்து எடை பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். கடைக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, அம்மா சர்க்காரு ஆளா? எடை கொறஞ்சா கேசு போடுவாகளா?" என்று கேட்டார். மறுநாளிலிருந்து எங்களுக்கென்று தனியாகத் தட்டிய பெரிய வடை வந்தது. தராசம்மா அதையும் எடை போட்டு, இந்த ஊரில் வடை நாளுக்கு நாள் வளர்கிறது என்று ஆச்சரியப்பட்டார். அந்த வடையில் எங்களுக்கு ஒரு பாடம் இருந்தது. இரண்டு பேருக்கும் அப்போது அது புரியவில்லை.

என் மச்சினன் கல்யாணத்துக்கு அவரை அழைத்திருந்தோம். அவருக்கென்று மாமியார் தனி அடுப்பில் பருப்பும் ரசமும் வைத்திருந்தார். அவரோ அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெண்கள் பக்கத்தில் ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுவதைக் கண்டு அங்கேயே நின்றுவிட்டாராம். "இதுல ஒருத்தருக்கு எவ்வளவுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். நாலில் ஒரு பங்கு என்று யாரோ சொல்ல, "அது எப்படி? இவங்க மெதுவா சாப்பிடறாங்க, அவங்க கை வேகமா போகுதே" என்று என் மனைவியின் பெரியம்மாவைக் காட்டியிருக்கிறார். பெரியம்மா அந்தத் தட்டிலிருந்து கையை எடுத்தவர்தான். அதற்குப் பின்னால் எந்த விருந்திலும், கேட்காமலே, "நான் ரெண்டு வாய்தாம்மா வச்சேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். என் மனைவி மட்டும் தராசம்மாவை விட்டுக்கொடுக்க மாட்டாள். தினமும் சோறு போடும்போது, "கிராமா, கரண்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் போடுவாள்.

ஊரார் வாயைக் கிளறிய இந்த அம்மாள் வெளியே எங்கும் கை நனைத்ததில்லை. மூன்றடுக்குத் தூக்கு ஒன்று கூடவே வரும். காலையில் எடை போட்டு அடைத்த சோறு, எடை போட்ட குழம்பு, எடை போட்ட மோர். எந்த வீட்டில் என்ன கொடுத்தாலும், "தண்ணி மட்டும் போதும்மா" என்பார். கர்வம் என்று சிலர் சொன்னார்கள். ஜாதி பார்க்கிறார் என்று சிலர் சொன்னார்கள். வெளியே சாப்பிட்டால் தன்னுடைய கணக்குக் கெட்டுவிடும் என்பதுதான் காரணம் என்று கொஞ்ச நாளில் எனக்குத் தெரிந்தது. அவர் தன்னையே முதல் ஆளாக அந்தக் கணக்கில் சேர்த்திருந்தார்.

மெட்ராஸிலிருந்து வந்த கேள்வித்தாளை யாரோ கண்ணாடி போட்ட புண்ணியவான் இங்கிலீஷிலிருந்து பெயர்த்திருக்க வேண்டும். ரொட்டித் துண்டு எத்தனை, வெண்ணெய் எவ்வளவு, பழச்சாறு எத்தனை தம்ளர் என்று போகும். வெண்ணெயைப் பற்றிக் கேட்டபோது மாடு வைத்திருந்த ஒரு சம்சாரி, "அது விக்கிறதுக்குத்தான எடுக்குறது" என்று எங்களுக்கு விளக்கினார். புரோட்டாக் கடையிலிருந்து ஏப்பத்தோடு வெளியே வந்த ஒருவரை நிறுத்தி, "சாப்பிட்டாச்சா?" என்றால், "இன்னும் இல்லீங்க, வீட்டுக்குப் போய்த்தான்" என்பார். சோறு உள்ளே போனால்தான் அவருக்குச் சாப்பாடு. ஆறு புரோட்டா கணக்கில் வராது. தராசம்மா தாளைத் திருத்துவார், மறுபடி திருத்துவார். ரொட்டி போய் இட்லி வந்தது. இட்லி தீபாவளிக்குத்தான் என்று தெரிந்ததும் இட்லி போய்க் களி வந்தது.

களி வந்த பிறகுதான் வடமதுரையில் அந்தக் கூத்து. ஒரு வீட்டில் காட்டிலிருந்து வந்த மனிதர் களி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தராசம்மா எதிரே உட்கார்ந்து அவர் உருட்டி வாயில் போடப் போட, ஒன்று, இரண்டு என்று சத்தமாகவே எண்ணினார். அவர் பெண்சாதி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"திங்கிறத எண்ணாதீக தாயி. ஒடம்புக்கு ஆகாது."

"எண்ணினா ஒடம்புக்கு என்னம்மா ஆகும்? எவ்வளவு சாப்பிடறோம்னு தெரிஞ்சா நல்லதுதானே?" என்று ஆரம்பித்து, தராசம்மா செத்த நேரம் பாடம் நடத்தினார்.  நாங்கள் தெருமுனை தாண்டுவதற்குள் மிளகாய் கருகும் நெடி வந்து எனக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. புருஷனுக்குச் சுற்றி அடுப்பில் போட்டுவிட்டாள். "நெடி வருதும்மா. அப்ப ஒங்க கண்ணு படலையாம்" என்றேன். தராசம்மா நின்று யோசித்தார். பிறகு, "எத்தனை மிளகாய் போட்டிருப்பாங்க தம்பி?" என்று கேட்டார்.

தங்கள் வீட்டுச் சாப்பாட்டைச் சொல்லத்தான் கூச்சப்படுகிறார்கள், பக்கத்து வீட்டைப் பற்றிக் கேட்டால் சொல்வார்கள் என்று அடுத்து ஒரு யோசனை வந்தது அவருக்கு. ஆத்தூரில் ஒரு தெருவில் அதைச் செய்து பார்த்தோம். சொன்னார்கள். கேட்காததையும் சேர்த்துச் சொன்னார்கள். எதிர்வீட்டுக்காரி மாமியாருக்குப் புளித்த கூழை ஊற்றுகிறாள் என்று ஒருத்தி சொன்னது, நாங்கள் நாலாவது வீட்டுக்குப் போவதற்குள் எதிர்வீட்டுக்காரி காதுக்குப் போய்விட்டது. கூந்தல் அவிழ்ந்த சண்டை. நாங்கள் தராசையும் தாளையும் அள்ளிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினோம்.

இத்தனையும் விளையாட்டுப் போலத்தான் எனக்கு இருந்தது, எரியோட்டுக்குத் தள்ளி ஒரு சிற்றூருக்குப் போகும் வரைக்கும். இரண்டு வருஷமாக அந்தப் பக்கம் மழை இல்லை. எந்த ஊருக்குக் கஞ்சித் தொட்டி வைக்கலாம் என்பதற்கு எங்கள் கணக்கையும் பார்க்கப் போவதாக மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. கஞ்சித் தொட்டி என்றால் சர்க்கார் செலவில் ஊர்ப் பொதுவில் கஞ்சி காய்ச்சி ஊற்றுவது. அந்த ஊரில் நாங்கள் முதலில் ஏறிய வீடு வெள்ளையம்மா வீடு. புருஷன் திண்டுக்கல் மண்டியில் மூட்டை தூக்கப் போயிருந்தான். இரண்டு பிள்ளைகளோடு அவள்தான் இருந்தாள். நெடுநெடுவென்று உயரம், பேச்சில் ஒரு நிமிர்வு.

"மொத மொத வந்திருக்கீக. செத்த இருங்க" என்று உள்ளே போனவள், நாங்கள் தாளை விரிப்பதற்குள் கோழியை அடித்துவிட்டாள். நெல்லரிசி எங்கிருந்தோ வந்தது. தராசம்மா மூக்கில் தலைப்பை வைத்துக்கொண்டு கோழிக் குழம்பை எடை போட்டார். நான் எழுதினேன், சாப்பிடவும் செய்தேன். ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் இதே மாதிரி ஏதாவது ஒன்று கொதித்தது. எழுதியதை அப்படியே கூட்டி அனுப்பினோம். இவ்வளவு நன்றாகச் சாப்பிடும் ஊருக்குக் கஞ்சித் தொட்டி தேவையில்லை என்று பதில் வந்தது.

ஒரே கேள்வியை இரண்டாவது தரம் கேட்டு, பதில் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது தராசம்மாவின் முறை. அதற்காகத் திரும்பிப் போனோம். போன தடவை கோழி மேய்ந்துகொண்டிருந்த முற்றத்தில் ஒன்றையும் காணோம். "முட்டை கிடைக்குதா?" என்று தாளைப் பார்த்துக் கேட்டார்.

"முட்டையா? முட்டபோட்ட கோழியத்தான் அன்னிக்கு ஒங்களுக்கு அடிச்சாச்சே" என்றாள் வெள்ளையம்மா, சாதாரணமாக.

இருந்தது அந்த ஒன்றுதான். முட்டையைக் கடையில் கொடுத்துத்தான் உப்பும் மிளகாயும் வாங்கிக்கொண்டிருந்தாள். நல்லவேளையாக, அன்றைக்கு எங்களுக்கு வைக்க அவளிடம் எதுவும் இல்லை. அதற்காக அவள் பட்ட வெட்கத்தைப் பார்க்க முடியவில்லை. பஸ்ஸில் தராசம்மா பழைய தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு, "நாம எடை போட்டது அவங்க சாப்பாட்டை இல்லை தம்பி. நாம வந்ததுக்குப் போட்ட சாப்பாட்டை" என்றார். அந்தக் கோழியை நான் சப்புக்கொட்டித் தின்றது என் ஞாபகத்துக்கு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த சந்தையில் ஒரு கோழி வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய் வெள்ளையம்மாவிடம் கொடுத்தார். சைவக்காரிக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் தெரியும். கோழி அவர் சேலையைக் கெடுத்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு வந்தார். அதற்கு அடுத்த முறை நாங்கள் போனபோது வாசலிலேயே குழம்பு வாசனை வந்தது. எங்கள் தலை தெருவில் தெரிந்ததுமே அந்தக் கோழியையும் அடித்துவிட்டாள்.

"ஏம்மா இப்படிப் பண்ணினீங்க?" என்று தராசம்மா கிட்டத்தட்ட அழுதார்.

"வீடு தேடி வந்தவுகளுக்கு வெறும் தண்ணியவா குடுப்பாக? இந்தா கட்டிக் கெடக்குற ஆடு மட்டும் எங்களதா இருந்தா இதையே அடிச்சிருப்பேன். வாரத்து ஆடா போச்சு, அதுல கைவைக்க முடியாது."

"வாரத்து ஆடுன்னா?"

வெள்ளையம்மா சொன்னாள். ஒருவருடைய ஆட்டையோ கோழியையோ இன்னொருவர் பங்குக்கு வளர்ப்பதற்கு எங்கள் பக்கம் வாரம் என்று பெயர். குட்டி, குஞ்சில் ஆளுக்குப் பாதி. தாய் உடையவருக்குத்தான் சொந்தம். உடையவர் வாய்விட்டுச் சொல்லாமல் அதில் கைவைத்தால் அது திருட்டு. எந்த விருந்தாளிக்காகவும் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். தராசம்மா இதைக் கேட்டுக்கொண்டிருந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். தொலைந்த எடைக்கல் கிடைத்த கடைக்காரரின் முகம் அது.

மூன்றாவது கோழியை அவர் கொடுக்கவில்லை; வாரத்துக்கு விட்டார். சாம்பல் நிறப் பெட்டை. அன்றிலிருந்து அந்த வீட்டில் நாங்கள் விருந்தாளிகள் இல்லை. தன் கோழியைப் பார்க்க வருகிறவருக்கு யார் விருந்து வைப்பார்கள்? "வாங்கம்மா, ஒங்க கோழி அந்தா மேயுது, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வெள்ளையம்மா தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்தாள். தராசம்மா முற்றத்தில் உட்கார்ந்து கோழியைப் பார்க்கிற மாதிரி அடுப்பைப் பார்த்தார். இந்த வித்தை பலித்ததும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் கோழி விட்டார். சம்பளத்தில் பாதி சந்தைக்குப் போனது. ஆபீசில் என்னைத் தவிர எல்லாரும் அவருக்குப் புத்தி பிசகிவிட்டதாக முடிவு கட்டினார்கள்.

கோழி பார்க்கப் போன இடங்களில் ஒன்று தெரிந்தது. பசியைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் விறகு கிடைக்கவில்லை, உலக்கை பூண் கழன்றுவிட்டது, பானை விரிசல் விட்டுவிட்டது என்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் புலம்புவார்கள். அதில் வெட்கம் இல்லை. தராசம்மா பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். நேற்று உரலில் என்ன இடித்தீர்கள்? அடுப்பை எப்போது பற்ற வைத்தீர்கள்? கூழ் பானையில் எதுவரைக்கும் இருந்தது, கழுத்துக்கா, வயிற்றுக்கா, அடியிலா? அவரவர் கூழ் குடிக்கும் கும்பாவை வாங்கித் தண்ணீர் ஊற்றி, அதில் எவ்வளவு பிடிக்கிறது என்று பார்த்துக்கொண்டோம். தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்துக்குக் கடைக்குப் போனீர்களா, வேலிப் பக்கம் கீரை பறிக்கப் போனீர்களா? தாள் முழுக்கத் தேடினாலும் சாப்பாடு என்ற சொல் இருக்காது. பதில்கள் மளமளவென்று வந்தன. கூட்டிப் பார்த்தபோது வெள்ளையம்மாவின் ஊரில் பெரியவர்கள் பாதிப் பேர் ஒரு பொழுதுதான் அடுப்பு மூட்டுகிறார்கள் என்று தெரிந்தது. மறுபடியும் பார்க்கச் சொல்லி மெட்ராஸுக்கு எழுதினார்.

மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். நல்ல மனிதர், வயதானவர். "சாப்பாட்டைப் பத்தி ஒரு கேள்விகூட இல்லாத சாப்பாட்டுக் கேள்வித்தாளை நான் எப்படிம்மா ஒத்துக்கிறது? போன தடவை கோழின்னு எழுதினீங்க. இப்ப கூழும் இல்லேங்கிறீங்க. நானே ஒரு வீட்டுல கேட்டுப் பாத்துடறேன்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவர் கை காட்டிய வீடு வெள்ளையம்மா வீடாக அமைந்தது எங்கள் நேரம்.

அவர் வேட்டியை மடித்து முற்றத்தில் உட்கார்ந்து, "நேத்து என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று நேராகக் கேட்டார்.

வெள்ளையம்மா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "நெல்லுச்சோறுங்கய்யா. பருப்புக் கொழம்பு."

அதிகாரி தராசம்மாவைத் திரும்பிப் பார்த்தார். எழுதிக் கொடுத்த கணக்கெல்லாம் பொய்யாகி நின்றது. அந்தத் தொட்டி இனி வராது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. வெள்ளையம்மா அதற்குள் எழுந்து முற்றத்து மூலைக்குப் போனாள். அங்கே கல்லுரலின் குழியில் வைக்கோலும் கந்தலும் போட்டு, சாம்பல் கோழி அடையில் உட்கார்ந்திருந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு தராசம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

"ஒங்க பங்குதான். ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. பெரியவுக வந்திருக்காக. அடிச்சுக் கொழம்பு வச்சுருதேன்."

தராசம்மா தலையைக் குனிந்துகொண்டார். "வேண்டாம் வெள்ளையம்மா."

"சும்மா சொல்லுங்கம்மா. அடுத்த ஈத்துல ஒங்களுக்குத் தந்துர்றேன்."

"வேண்டாம்."

வெள்ளையம்மாவின் முகம் மாறியது. வந்த விருந்தாளியின் முன்னால் அவள் கையைக் கட்டிப்போட்டாகிவிட்டது. குரல் உயரவில்லை, நடுங்கியது.

"அப்ப அய்யாவுக்கு நான் என்னத்த வைப்பேன்? ஒரல்ல கோழி படுத்துக் கெடக்கு. இடிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லாமத்தான படுத்துக் கெடக்கு? அது ஒங்களுக்குத் தெரியாதா? வறுத்த புளியங்கொட்ட ரெண்டு கை ஊறப் போட்டிருக்கேன். அதையா எலையில வைக்கச் சொல்றீக?"

 அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "குடிக்கத் தண்ணி குடும்மா, போதும்" என்றார். அவள் கும்பாவில் கொடுத்ததை முழுக்கக் குடித்தார். ஜீப்பில் ஏறும்போது, தாள் அப்படியே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தராசம்மாவுக்கு இல்லை. "சரியான பதில் கிடைச்சுடுச்சு தம்பி. ஆனா இந்த மாதிரி ஒரு பதிலை இனிமே நான் யாருகிட்டயிருந்தும் வாங்க மாட்டேன்" என்றார்.

குஞ்சு பொரித்த கொஞ்ச நாளில் வெள்ளையம்மா தலையில் கூடையோடு பேகம்பூர் ஆபீசுக்கு வந்தாள். சாம்பல் கோழியும் பாதிக் குஞ்சுகளும் உள்ளே இருந்தன. ஒற்றைப்படையாக நின்ற ஒன்றையும் எங்கள் பக்கமே போட்டிருந்தாள். "ஒங்க பங்கு. எண்ணிக்கங்க. இனி எங்க வீட்டுப் பக்கம் வராதீக" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். அதற்குப் பிறகு சில நாள் ஆபீஸ் முழுக்கக் கோழி. பீரோ மேல் ஏறும், மேஜையில் நடக்கும், மெட்ராஸ் கடிதங்களின் மேல் அசிங்கம் பண்ணும். கிட்டங்கிக்காரர் வந்து, தோல் வாடைக்கே வாடகை குறைத்திருக்கிறேன், இது வேறா என்று சத்தம் போட்டார். தராசம்மா தன் தூக்கிலிருந்து சோற்றை எடுத்துக் குஞ்சுகளுக்குப் போடுவார். எடை போட்டுக் கொண்டுவந்த சோறு அது. கணக்கு என்ன ஆவது என்று நான் கேலியாகக் கேட்டேன். அவர் இன்னொரு பிடி எடுத்துப் போட்டார். நான் அதற்கு மேல் கேலி செய்யவில்லை. சாம்பல் கோழியையும் குஞ்சுகளையும் பிறகு வடமதுரைப் பக்கம் ஒரு வீட்டில் வாரத்துக்கு விட்டார்.

கஞ்சித் தொட்டி வந்தது. ஊர்ச் சாவடிக்கு முன்னால் பெரிய அண்டாவில் காய்ச்சினார்கள். ஆனால் பிள்ளைகள்தான் வந்தார்கள். பெரியவர்கள் ஒருவரும் வரவில்லை. சர்க்கார் கஞ்சிக்கு ஏனத்தை நீட்டி நிற்பதா என்று எல்லாரும் வேலி ஓரமாகவும் மரத்தடியிலும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் ஆளாக நிற்க யாரும் தயாராக இல்லை. ஆள் வராவிட்டால் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று காய்ச்சுகிறவர் எங்களுக்குச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் போனோம். சாவடி எதிரே வேலிப்படல் ஓரமாக வெள்ளையம்மா நின்றிருந்தாள். எங்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தராசம்மா கைப்பையை என்னிடம் கொடுத்தார். தூக்கின் மேலடுக்கைக் கழற்றினார். அது அன்றைக்குக் காலியாக இருந்தது. பிள்ளைகளுக்குப் பின்னால் போய் வரிசையில் நின்று கஞ்சி வாங்கி, சாவடிக்கு முன்னால் வெறுந்தரையில் உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தார். கஞ்சி சூடு. பழக்கமில்லாத கை. மேலெல்லாம் சிந்தியது. ஊரே பார்த்தது.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த வெள்ளையம்மா கிட்டே வந்தாள். "ஒங்களுக்கு எதுக்கும்மா இது? வெலகுங்க. எந்திரிங்க."

"பசிக்குது வெள்ளையம்மா. வீட்டுப் பக்கம் வராதேன்னுட்டீங்க. வேற எங்க போய்ச் சாப்பிட?"

வெள்ளையம்மா திரும்பி வீட்டுக்கு நடந்தாள். போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். கையில் கும்பாவோடு திரும்பி வந்து, யாரையும் பார்க்காமல் அண்டாவுக்கு முன்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு கிழவர் வந்து நின்றார். பிறகு மரத்தடியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

வாங்கிய கஞ்சியோடு வந்து தராசம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள் வெள்ளையம்மா. முந்தானையில் முடிந்திருந்த ஒரு சின்ன வெங்காயத்தை எடுத்துக் கல்லில் வைத்துத் தட்டினாள். "வெஞ்சனம் இல்லாம எப்பிடிக் குடிப்பீக?" என்று பாதியை நீட்டினாள். "இந்தாங்க, ஒங்க பங்கு."

தராசம்மா வாங்கிக்கொண்டார். அவர் கண்ணில் நீர் வந்தது வெங்காயத்தால் என்று நான் வைத்துக்கொண்டேன். சாவடி முன்னால் பெரியவர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை நாள் பழக்கம், என் கை தானாகப் பைக்குள் போய்த் தாளையும் பென்சிலையும் எடுத்தது. யார் யாருக்கு எத்தனை கும்பா என்று பார்க்கலாமென்று அவர்கள் பக்கம் திரும்பினேன்.

தராசம்மா கஞ்சி ஒட்டிய கையாலேயே என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"திங்கிறதை எண்ணாதீங்க தம்பி" என்றார். "ஒடம்புக்கு ஆகாது."